அம்மா கொட்டிய தண்ணீர்

நான்காம் வகுப்பில் என்னை ஆரோக்கியத் தலைவன் ஆக்கினார்கள். நான் ஆரோக்கியமாக இருந்ததற்காக அல்ல. வருடம் முழுக்க மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தவன் நான். டீச்சர் ஒரு கேள்வி கேட்டார். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. நான் மட்டும் எழுந்து சத்தமாகப் பதில் சொன்னேன். மூத்திரம் என்ன நிறத்தில் வந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம் என்பதுதான் அந்தக் கேள்வி.

டீச்சர் அந்த வருடம்தான் எங்கள் பள்ளிக்கு வந்திருந்தார். திண்டிவனத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மரக்காணம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் ஊருக்கு வருவார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் கால அட்டவணையில் ஓவியம் என்று இருக்கும். அதில் அவர் ஓவியம் நடத்தியதில்லை. புத்தகத்தையெல்லாம் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டு, "இப்போ உடம்பப் பத்திப் பேசலாமா, மனசப் பத்திப் பேசலாமா?" என்று கேட்பார். கோபம் வந்தால் உடம்பில் எங்கே தெரிகிறது, யாராவது தொடுவது பிடிக்கவில்லை என்றால் எப்படிச் சொல்வது, அழுகிறவன் பக்கத்தில் போய் என்ன செய்வது என்றெல்லாம் பேச்சு போகும். நாங்கள் வெளியே கெட்ட வார்த்தையாகப் பயன்படுத்திவந்த உறுப்புகளின் பெயர்களை, மூக்கு காது என்பதுபோல அவர் சாதாரணமாகச் சொல்வார். முதல் சில வாரங்கள் பையன்கள் மேசைக்கடியில் தலையை விட்டுச் சிரித்தோம். அவர் திட்டவில்லை. சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். கொஞ்ச நாளில் சிரிப்பதில் சுவாரசியம் போய்விட்டது.

மூத்திரப் பாடத்துக்கு அவர் வீட்டிலிருந்து டீ டிக்காஷனும் கண்ணாடி டம்ளர்களும் கொண்டுவந்தார். ஒவ்வொரு டம்ளர் தண்ணீரிலும் டிக்காஷனைக் கூட்டிக் குறைத்து ஊற்றி ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தார். வெளிச்சம் பட்டதும் ஒரு டம்ளர் இளநீர்போல, ஒன்று எலுமிச்சை சாறுபோல, கடைசி டம்ளர் கடுந்தேநீராகவே நின்றது. முதல் டம்ளர் என்றால் கவலை இல்லை, நடு டம்ளர் என்றால் தண்ணீர் போதவில்லை, கடைசி டம்ளர் என்றால் உடனே பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்றார். பிறகு போர்டில் முதுகை வரைந்து, அதில் மாங்கொட்டைபோல இரண்டு சிறுநீரகங்களை வரைந்தார். தண்ணீர் போதாவிட்டால் அவை படும் பாட்டை அவர் விவரித்த விதத்தில் எனக்கு உடனே விக்கல் எடுத்தது.

அன்று கொடுத்த வீட்டுப்பாடம் இது. வீட்டில் ஒருவரை நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். தினமும் அவரிடம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, எங்காவது வலிக்கிறதா என்று கேட்க வேண்டும். "ஒண்ணும் இல்லன்னு சொல்வாங்க. சொன்னவுடனே ஓடிடாதீங்க. கொஞ்சம் அங்கயே நில்லுங்க" என்றார் டீச்சர். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு ஏனோ மனதில் பதியவே இல்லை. கேள்விகள் மட்டும் பதிந்தன.

முதலில் அப்பாவைத் தேர்ந்தெடுத்தேன். அவரிடம் வேலை சுலபமாக முடிந்துவிட்டது. எதைக் கேட்டாலும் ஆமாம் என்றார். நிறத்தைக் கேட்டபோது, "காலையில பாத்தேன்டா. எளநி மாதிரி இருந்துச்சு. ஒரு கிளாஸ் புடிச்சி வச்சிருக்கலாம்" என்றார். இப்படிப்பட்டவரைப் பார்த்துக்கொள்வதில் ஒரு தலைவனுக்கு என்ன பெருமை? அடுத்து அத்தையிடம் போனேன். அத்தை அப்பாவின் அக்கா. மாமா இறந்தபின் எங்களோடுதான் இருந்தார். கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் துடைப்பத்தைத் தேடினார்.

அம்மா துடைப்பத்தையும் தேடவில்லை, சிரிக்கவும் இல்லை. "வேற வேல இல்ல உனக்கு?" என்று சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஏற்ற ஆள் அம்மாதான் என்று அன்றே முடிவு செய்தேன்.

அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் உப்பளத்தில்தான் வேலை. விடிவதற்கு முன் இருட்டிலேயே கிளம்பிப் போவார்கள். அப்பா பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார். அம்மாவும் அத்தையும் மற்ற பெண்களும் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வெயில் தலைக்கு மேல் ஏறியபின் வீடு வருவார்கள். வந்ததும் அம்மா நேராகக் கொல்லைப் பக்கம் போய்விடுவார்; அதன்பின்தான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

நான் தினமும் படுக்கப் போகுமுன் ஒரு பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அம்மாவின் ஒயர் கூடையில் வைத்தேன். மறுநாள் அது நிறைந்தபடியே திரும்பி வந்தது. மறந்துவிட்டேன் என்றார். அடுத்த நாளும் அப்படியே வந்தது. நேரம் இல்லை என்றார். அப்பாவுக்கு மட்டும் குடிக்க எப்படி நேரம் இருக்கிறது என்று கேட்டேன். அம்மா விறகை அடுப்புக்குள் தள்ளினார். சிறுநீரகம் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம், தெரியாததையும் கொஞ்சம் சேர்த்து, அம்மாவின் முன்னால் உட்கார்ந்து சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, "சரி, நாளைக்குக் குடிக்கிறேன்" என்றார்.

மறுநாள் பாட்டில் காலியாக வந்தது. அதற்கடுத்த நாளும் காலி. வெள்ளிக்கிழமை வகுப்பில் இதை நான் அறிவித்தபோது டீச்சர் என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

ஆனால் பாடத்தில் சொன்ன மாற்றம் எதுவும் அம்மாவிடம் தெரியவில்லை. உதடு முன்போலவே வெடித்திருந்தது. உட்கார்ந்து எழும்போது இடுப்புக்கு மேலே கையை அழுத்திக்கொண்டார். வலிக்கிறதா என்று ஒழுங்காகக் கேட்டேன். "ஒண்ணும் இல்ல கண்ணு" என்றார். கேள்வி முடிந்தது, கடமை முடிந்தது என்று கோலி விளையாட ஓடிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளி இல்லை. அப்பாவுக்குப் பழைய சோறு கரைத்த நீச்சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். அந்த இடத்தைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்ல வேண்டுமானால், அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. அடுப்பங்கரையின் தரையை எடுத்து வானம் வரைக்கும் விரித்ததுபோல இருக்கும். பாத்தி, வரப்பு, பாத்தி, வரப்பு. ஒரு மரம் கிடையாது, ஒரு புதர் கிடையாது. கிழக்கே வெகுதூரத்தில் மெயின் ரோட்டில் போகும் பஸ்ஸின் நிறம்கூட இங்கிருந்தே தெரியும். வெயில் வெள்ளை உப்பில் பட்டு முகத்தில் திரும்பி அடிக்கும்.

அப்பாவிடம் சோற்றைக் கொடுத்துவிட்டு, உப்பு மேட்டுக்குப் பின்னால் நிழல் தேடி உட்கார்ந்தேன். அப்போதுதான் அம்மா கூடையை இறக்கிவிட்டுத் தனியாக வரப்பு ஓரம் வந்தார். ஒயர் கூடையிலிருந்து என் பாட்டிலை எடுத்தார். நான் பெருமையுடன் எட்டிப் பார்த்தேன். மூடியைத் திறந்து ஒரே ஒரு வாய், உதட்டை நனைக்கிற அளவுக்கு மட்டும் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பாட்டிலைச் சாய்த்து, உப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்திருந்த தன் பாதங்களின் மேல் மீதித் தண்ணீர் முழுவதையும் ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் உதறினார். மூடியைத் திருகிப் பாட்டிலைக் கூடையில் வைத்துவிட்டு உப்பு சுமக்கப் போய்விட்டார்.

எனக்கு அம்மாவிடம் போய்க் கேட்கத் தோன்றவில்லை. வீட்டுக்கு ஓடிவந்து, அன்று சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்ட எல்லோரிடமும், ஒண்ணும் இல்லை என்றேன். அந்தப் பதிலை நான் வீட்டிலேயே கற்றுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை பிரேயர் முடிந்ததும் டீச்சரிடம் புகார் செய்தேன். அம்மா பொய் சொல்கிறார், தண்ணீரைக் கீழே கொட்டிவிட்டுக் காலி பாட்டிலைக் காட்டுகிறார் என்றேன். டீச்சருக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த சாக்பீஸைக் கொஞ்ச நேரம் உருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா வேல செய்யுற எடத்துல மரம், செடி, கட்டடம் ஏதாவது இருக்குதாடா?"

நிழலுக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன். "ஒண்ணுமே இல்ல டீச்சர். எல்லாம் பளிச்சுனு தெரியும்" என்றேன்.

"ஆம்பளைங்களும் அங்கயே வேல செய்யுறாங்களா?"

"எங்க அப்பாவே அங்கதான் டீச்சர்."

அவர் தலையை ஆட்டினார். "அம்மாவைத் திட்டாத. கோச்சுக்காத. நான் ஒருநாள் வூட்டுக்கு வந்து பேசறேன்" என்றார். டீச்சர் வந்து அம்மாவைக் கண்டிக்கப்போகிறார் என்று எனக்கு ஒரு நிம்மதி. கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

டீச்சர் வருவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மாதா கோயில் பூசையில் நான் அம்மாவோடும் அத்தையோடும் பெண்கள் பக்கம் இருந்தேன். நல்ல கோடை. கோயிலுக்குள் மின்விசிறிகள் சூடான காற்றைத்தான் சுற்றி விட்டுக்கொண்டிருந்தன. ஆளாளுக்குப் பாட்டுத்தாளை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எல்லோரும் முழங்காலிட்டபோது முழங்காலிட்டவர், எல்லோரும் எழுந்தபோது எழவில்லை. அத்தை குனிந்து அவர் நெற்றியில் கை வைத்தார். அம்மாவின் பற்கள் தந்தியடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. சாமியார் செபத்தை நிறுத்தாமலே எங்களைப் பார்த்தார். அப்பா ஆண்கள் பக்கத்திலிருந்து நடுவழியைத் தாண்டி ஓடிவந்தார். பூசை நடக்கும்போது அந்த வழியில் யாரும் ஓடி நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் அம்மா அத்தையின் மடியில் சுருண்டு கிடந்தார். காய்ச்சலில் ஏதோ முனகினார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் போர்டில் வரைந்த இரண்டு மாங்கொட்டைகள் என் கண் முன்னால் காய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தன. கடைசி டம்ளர் என்றால் உடனே சொல்ல வேண்டும் என்றாரே, நான் எந்த டம்ளர் என்றே பார்க்கவில்லையே என்று நினைத்து, திரும்பித் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா செத்துப்போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது மாதாவிடம், இனிமேல் யாரையும் எந்தக் கேள்வியும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். அம்மாவின் முதுகில் லேசாகத் தட்டினார். அம்மா துடித்துப்போனார். எத்தனை நாளாக வலி என்றார், நேற்றுதான் என்றார் அம்மா. நீர் பிரியும்போது எரிகிறதா என்றார், இல்லை என்றார் அம்மா.

"தண்ணி ஒழுங்கா குடிக்கிறியாம்மா?"

"குடிக்கிறேம்மா. நல்லாத்தான் குடிக்கிறேன்."

மாதாவுக்குக் கொடுத்த வாக்கு கேள்வி கேட்கமாட்டேன் என்பதுதான். பதில் சொல்லமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. "இல்ல டாக்டர், பொய். காலுமேல ஊத்திடுறாங்க. நான் பாத்தேன்" என்றேன்.

"டேய்" என்றார் அப்பா. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

டாக்டர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ எப்ப பாத்த?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், உப்பளம், கையை இடுப்பில் அழுத்திக்கொள்வது, வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்கு ஓடுவது எல்லாம். இளநீர், எலுமிச்சை, டீ என்று டம்ளர் கணக்கையும் சொன்னேன். "அம்மாவுது எந்த டம்ளர்?" என்று கேட்டார் டாக்டர். "காட்ட மாட்டேன்னுட்டாங்க" என்றேன். அதுவரை கடுகடுவென்று இருந்தவர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அப்பாவையும் என்னையும் வெளியே நிற்கச் சொன்னார்.

கதவு இல்லை, ஒரு பச்சைத் திரைதான். உள்ளே பேசியது வராந்தாவில் எங்களுக்குக் கேட்டது.

"இப்ப சொல்லும்மா. அங்க ஒண்ணுக்கு வந்தா எங்க போவ?"

அம்மாவின் குரல் தாழ்ந்து வந்தது. "எங்கம்மா போறது? இருட்டுல போயிட்டுக் கெளம்புவோம். அப்புறம் வூட்டுக்கு வந்துதான். தண்ணி குடிச்சா வந்துடும். அதான் குடிக்கிறதில்ல."

"எரிச்சல் எவ்ளோ நாளா இருக்குது?"

"அது இருக்குது ரொம்ப நாளா" என்றது அத்தையின் குரல். "எங்க எல்லாருக்குந்தான் இருக்குது. யாருகிட்ட சொல்றது இத?"

எனக்கு இது சுத்தமாகப் புரியவில்லை. எங்கே போவதாம்? உப்பளத்தில் போக இடமா இல்லை? கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெட்டவெளிதானே. நானும் அப்பாவும் நினைத்த இடத்தில் திரும்பி நின்றுகொள்வோம். இவ்வளவு பெரிய இடத்தில் இடம் இல்லை என்று அம்மா சொன்னதைத் திருத்தலாம் என்று அப்பாவைப் பார்த்தேன். அப்பா வராந்தாத் தூணில் சாய்ந்து கேட் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அம்மாவை அட்மிட் செய்தார்கள். கையில் ஊசி குத்திக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூத்திரத்தில் பூச்சி, அது சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார்கள். பூச்சி என்றதும் நான் மறுபடி அழ ஆரம்பித்தேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சிதான், ஊசி போட்டால் செத்துவிடும் என்று நர்ஸ் ஒருத்தர் விளக்கினார்.

மறுநாள் முழுக்கக் காய்ச்சல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பள்ளிக்குப் போகவில்லை. கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். அதற்கடுத்த நாள் காலை அம்மா கண் விழித்து, பசிக்குது என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் அத்தை சிலுவை போட்டுக்கொண்டார். அப்பா இட்லி வாங்க ஓடினவர், பதற்றத்தில் சட்னி வாங்க மறந்து திரும்பி வந்தார். அம்மா வெறும் இட்லியைத் தின்றார். அதை நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்று, ஏதோ தேர் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "கிட்னிக்கு ஒண்ணும் ஆவல. இன்னும் உட்டிருந்தா வேற மாதிரி ஆயிருக்கும். உன் பையன் சொன்னது நல்லதாப் போச்சு" என்றார். அம்மாவைப் பார்த்துச் சொன்னாலும் எனக்காகத்தான் சொன்னார்.

எனக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. கட்டிலின் மேல் ஏறி அம்மாவின் பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொண்டேன். அவர்மேல் காய்ச்சல் வாடை போய் ஆஸ்பத்திரி சோப்பு வாடை வந்திருந்தது. இரண்டு நாளாக வாயில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏம்மா கீழ கொட்டின?"

"காலி பாட்டிலப் பாத்தா உன் மூஞ்சி எப்படி ஆவுது தெரியுமா? அதுக்குத்தான்."

"குடிச்சிருந்தாலும் காலியாதானே ஆயிருக்கும்?"

அம்மா சிரித்தார். சிரித்தால் விலா வலித்தது. கையை அழுத்திக்கொண்டு சிரித்தார்.

அன்று மதியம் அப்பாவும் அத்தையும் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் குரலில் கோபம் இருந்தது; யார்மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

"இத்தினி வருசமா கூடவே வேல செய்யுறேன். ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அக்கா?"

"இன்னான்னு சொல்லச் சொல்ற? பொம்பளைங்க இதப் போய் ஆம்பளைங்ககிட்ட சொல்வாங்களா?"

"நான் உன் தம்பிதானே."

"தம்பிதான்" என்றார் அத்தை. "நீயும் கேக்கலயேப்பா."

அப்பா வேப்பங்கொட்டை ஒன்றைக் காலால் தேய்த்துக்கொண்டே நின்றார்.

அம்மா வீடு வந்த அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார். என்னைக் கடைக்கு அனுப்பிக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார்கள். திரும்பி வந்தபோது அம்மா, அத்தை, டீச்சர் மூவரும் பாயில் தலைகள் முட்டிக்கொள்ளும்படி உட்கார்ந்து, தோழிகளைப்போலப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கண்டிக்க வந்தவர் சிரிப்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றுவிட்டது. கலரில் இரண்டு மடக்கு மட்டும் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளி வைத்தார் டீச்சர். "திண்டிவனம் போய்ச் சேரணும்ல" என்றார். அம்மாவும் அத்தையும் புரிந்ததுபோலத் தலையாட்டினார்கள். திண்டிவனம் போவதற்கும் கலர் குடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே மீதியை நான் குடித்தேன்.

வாசலில் செருப்பை மாட்டும்போது டீச்சர் அப்பாவிடம் ஏதோ சொன்னார். அப்பா தரையைப் பார்த்தபடியே, "பண்றேங்க டீச்சர். நானே நெனச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

மறுநாள் அப்பா தன் டிவிஎஸ் வண்டியின் பின்னால் தென்னங்கீற்றுத் தட்டிகளையும் சவுக்குக் கழிகளையும் கட்டிக்கொண்டு உப்பளத்துக்குக் கிளம்பினார். கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் உட்கார்ந்தேன். உப்பு கொட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம் குழி தோண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் மேஸ்திரி வந்தார். அப்பாவுக்கும் அவருக்கும் பழக்கம் அதிகம். ஆனால் அன்று முகம் சரியில்லை.

"யாரைக் கேட்டு இங்க தோண்டுற?"

"யாரையும் கேக்கல மேஸ்திரி."

"மொதலாளி வந்தா நான் இன்னா சொல்றது?"

அப்பா கடப்பாரையை ஊன்றி நின்றார். அவர் சண்டைக்காரர் அல்ல. மேஸ்திரி மனம் கோணினால் அடுத்த வாரம் வேலை இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"நாம எங்க வேணா நின்னுக்குறோம். பொம்பளைங்க எங்க மேஸ்திரி போவாங்க? இவனோட அம்மா தண்ணி குடிக்காமயே வேல செஞ்சு சாவக் கெடந்தா. டாக்டர் சொல்ற வரைக்கும் எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

மேஸ்திரி உப்புப் பாத்திகளின் பக்கம் திரும்பினார். அங்கே பெண்கள் கூடையோடு வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் அவருடைய தம்பி மனைவியும் இருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார்.

"இங்க தோண்டாத. மழ வந்தா தண்ணி ஏறும். இன்னும் கொஞ்சம் மேல போ" என்றார். போனவர் உப்புக் குவியலை மூடும் பழைய தார்ப்பாய் ஒன்றை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "கீத்து மட்டும் வச்சா காத்துல பறந்துடும். இத வெளியில சுத்திக் கட்டு."

சாயங்காலத்துக்குள் அது முடிந்துவிட்டது. குழிமேல் இரண்டு கடப்பைக்கல், நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தட்டி, ஒரு டிரம் தண்ணீர், உள்ளே கொக்கி போட்ட ஒரு கதவு. அவ்வளவு பெரிய வெட்டவெளியில் அது ஒரு தீப்பெட்டிபோல நின்றது. கட்டினவரின் மகன் என்ற உரிமையில் நான் முதலில் உள்ளே போகப் பார்த்தேன். அத்தை என் டவுசரைப் பிடித்து இழுத்து வெளியே விட்டார். "இது எங்களுது. நீ அந்தாண்ட போ" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவிடம் முறையிட்டேன். "எனக்கே எடம் இல்லடா" என்றார் அப்பா. அவர் சந்தோஷமாக இருந்ததுபோலத்தான் தெரிந்தது.

உடம்பு தேறி அம்மா மறுபடி வேலைக்குப் போன முதல் சனிக்கிழமை நானும் கூடப் போனேன். இந்த முறை மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவில்லை. நேர் எதிரிலேயே நின்றேன். அம்மா கூடையை இறக்கிவிட்டுப் பாட்டிலைத் திறந்து அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. தண்ணீர் கழுத்தில் வழிந்து ரவிக்கையை நனைத்தது. நிறுத்தாமல் பாதிப் பாட்டிலைக் காலி செய்துவிட்டு மூச்சு வாங்கினார். மீதியை அத்தையிடம் நீட்டினார். அத்தையும் குடித்தார். பாட்டில் கைமாறிக் கைமாறிப் போய்க் காலியாக என்னிடம் வந்தது. இன்னும் ஒன்று கொண்டு வரட்டுமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ரோட்டோரக் குழாயைத் தேடி ஓடினேன். அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் எனக்கு வெயிலே தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் எல்லோரும் தங்கள் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் முறை வந்ததும் எழுந்து, சட்டையில் குத்தியிருந்த தலைவர் பேட்ஜைச் சரிசெய்துகொண்டேன். என் அம்மா முன்பு தண்ணீர் குடிக்கமாட்டார், நான் தினமும் சொல்லிச் சொல்லி இப்போது வேலை இடத்தில் இரண்டு பாட்டில் குடிக்கிறார் என்றேன். வகுப்பு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாததால், கடைசியில் ஒரு குறையையும் சேர்த்துச் சொன்னேன். எங்கள் அப்பா உப்பளத்தில் லேடீஸுக்கு மட்டும் என்று ஒரு பாத்ரூம் கட்டியிருக்கிறார், அதற்குள் கட்டின அவரையே விடமாட்டேன் என்கிறார்கள் என்றேன்.

பையன்கள் எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பெண்கள் வரிசையில் ஒருத்தி கைதட்டினாள். அவளுடைய அம்மாவும் எங்கள் உப்பளத்தில்தான் கூடை சுமந்தார். உடனே அவள் பக்கத்தில் இருந்தவளும், பின்னால் இருந்தவர்களும் தட்டினார்கள். டீச்சரும் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறைக் கதவு கீல் உடைந்து, அந்த வருடம் முழுக்கச் சாத்த முடியாமல் கிடந்தது. மதியம் மணி அடித்ததும் அவர்கள் எல்லோரும் சோற்றுத் தட்டைக்கூடத் தொடாமல் முதலில் வீட்டுக்கு ஓடிவிட்டுத்தான் வருவார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்தக் கைதட்டல் நான் சொன்ன எந்த வாக்கியத்துக்கு என்பதும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பாட்டில் தண்ணீருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, அது ஓயும்வரை நிமிர்ந்து நின்றிருந்தேன்.